ஸ்டோர் மழைமானி 34, ஸ்கூல் போத்தல் 87: எதை நம்புறது?

மழைக்கணக்கு | செவ்வாய், இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நான் மலையகத்துல அப்புத்தளைக்குக் கீழ ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில சயன்ஸ் படிப்பிக்கிறேன். தோட்டத்து பேர் வேணாம், ஏன்னு வாசிக்க வாசிக்க விளங்கும்.

2025 நவம்பர் தித்வா புயலுக்குப் பிறகு இங்க யாருக்கும் மழைச்சத்தம் கேட்டா நித்திரை இல்ல. பிள்ளைகள் வகுப்பில அதையே கேக்குறாங்க. "டீச்சர், எவ்வளவு பேஞ்சா மலை இறங்கும்?" சரி, பயந்துக்கிட்டே இருக்கிறதுக்கு அளந்தாவது பாப்போம்னு எட்டாம் ஆண்டு பிள்ளைகளோட சேர்ந்து ஒரு மழைமானி செஞ்சோம். ரெண்டு லீற்றர் சோடா போத்தல். மேல்பாகத்தை வெட்டி கவுத்து புனலா வச்சோம். அடி மேடு பள்ளமா இருக்கும்ல, அதுக்கு கல்லுப் போட்டு, பூச்சியக் கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி, வெளியே அடிமட்டம் ஒட்டியாச்சு. காலை 8.30க்கு வாசிப்பு. லீவு நாள்ல நானே போய் பாப்பேன், குவார்ட்டர்ஸ் பக்கத்துலதான்.

எங்க ஸ்கூல்ல இருந்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, 400 மீற்றர் இருக்கும். அங்க பழைய காலத்து செம்பு மழைமானி ஒண்ணு இருக்கு. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நல்ல மனுசன், புத்தகத்தை பாக்க விட்டாரு. போன வாரக் கணக்கு இது, எல்லாம் மில்லிமீற்றர்ல:

செவ்வாய்: ஸ்கூல் 9, ஸ்டோர் 3.5
புதன்: ஸ்கூல் 41, ஸ்டோர் 16
வியாழன்: ரெண்டுலயும் இல்ல
வெள்ளி: ஸ்கூல் 28, ஸ்டோர் 11
சனி: ஸ்கூல் 63, ஸ்டோர் 24.5
ஞாயிறு: ரெண்டுலயும் இல்ல
திங்கள்: ஸ்கூல் 87, ஸ்டோர் 34

பிரச்சினை திங்கக்கிழமைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்குப்படி 24 மணித்தியாலத்துல 75 மி.மீ. தாண்டினா மண்சரிவுக்கு முதலாம் கட்ட எச்சரிக்கை, 100 தாண்டினா ரெண்டாம் கட்டம், 150 தாண்டினா வெளியேறணும். எங்க போத்தல்படி முதல் கோட்டைத் தாண்டியாச்சு. மூணாம் லயத்துல (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்து ஆள் வந்து ஸ்டோர்ல கேட்டிருக்காங்க. "34தான், பயப்பட ஒண்ணுமில்ல, போய் படுங்க"ன்னு பதில். படுத்துட்டாங்க. ஒண்ணும் ஆகல, கடவுள் புண்ணியம். ஆனா காலையில பீலித் தண்ணி (மலை ஊத்துல இருந்து குழாய்ல வர்றது) டீத்தண்ணி நிறத்துல வந்துச்சு.

எது சரி? போத்தலா, செம்பா?

ஹட்டன் குளிர் | இரவு 9.05

டீச்சர், குறை நினைக்காதீங்க. சோடா போத்தல்ல அளந்துட்டு கம்பனி சாமான் பிழைன்னு சொல்ல முடியுமா? ஸ்டோர்ல வெள்ளைக்காரன் காலத்துல இருந்து மழை எழுதுறாங்க.

செய்மதிக் கண் | இரவு 9.31

ரெண்டுமே சரியா இருக்கலாமே! இது ஏப்ரல் மாசம். பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். பின்னேரத்துல இடியோட கொட்டுற மழை. ஒரு மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளம், அந்தப் பக்கம் புழுதி. அப்புத்தளை பஸ் ஸ்டாண்ட்ல நின்னவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, பாதி ரோட்டுல குடை பிடிக்கணும். மே மாசத்துக்குப் பிறகு வர்ற தென்மேற்குப் பருவமழை வட்டவளை, நோட்டன் பக்கம் நாள்கணக்கா சீராப் பெய்யும். உங்க ஊவாப் பக்கம் பெரிய மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். இப்ப வர்றது குட்டி குட்டியா வர்ற மழை. 400 மீற்றர்ல வித்தியாசம் வர்றது அதிசயமில்ல.

போத்தல், செம்பு ரெண்டையும் விட்டுட்டு செய்மதித் தரவைப் பாருங்க. அரை மணிக்கொரு தடவை உலகம் முழுக்க மழை அளவு இலவசமா வருது. கையால வாசிக்கிற பிழையே இல்ல.

நோர்வூட் பாலம் | இரவு 9.50

@செய்மதிக் கண் தம்பி, அந்தத் தரவுல ஒரு கட்டம் கிட்டத்தட்ட 10 கிலோமீற்றருக்கு 10 கிலோமீற்றர். அப்புத்தளை முகட்டுல இருந்து ஹல்துமுல்லை அடிவாரம் வரைக்கும் ஒரே எண்தான் வரும். அந்தக் கட்டத்துக்குள்ள ஆயிரம் மீற்றர் உயர வித்தியாசம் இருக்கு. இன்னொண்ணு, மலையில மோதி எழும்புற மேகம் ரொம்ப உசரமா வளராமலேயே கொட்டித் தீர்த்துடும். மேல இருந்து பாக்கிற கருவிக்கு அது சின்ன மழையாத்தான் தெரியும். ஆத்துக்கு மொத்தமா எவ்வளவு தண்ணி வரும்னு பாக்க செய்மதி உதவும். மூணாம் லயத்துக்கு மேல என்ன நடக்குதுன்னு பாக்க உதவாது.

நான் ஆத்துப்பக்கத்து ஆள். நீர்ப்பாசனத் திணைக்களம் களனிக்கு நோர்வூட், கித்துல்கலைன்னும், மகாவலிக்கு நாவலப்பிட்டி, பேராதனைன்னும் மட்டம் வாசிக்குது. ஆத்துல தண்ணி ஏறுறதுக்கு நேரம் எடுக்கும், கீழ உள்ளவங்களுக்கு தகவல் போய்ச் சேரும். மலைச்சரிவுக்கு அந்த அவகாசம் இல்ல. அதனாலதான் மழைமானி எங்க நிக்குதுங்கிறதே அங்க பெரிய விசயம்.

கான்வெட்டி | இரவு 10.22

எல்லாம் படிச்சவங்க பேசுறீங்க. நான் 22 வருசம் தோட்டத்துல வேலை செஞ்சவன், ஒரு கேள்வி கேக்குறேன். அளந்து என்ன செய்யப் போறீங்க?

மீரியபெத்தைக்கு 2005லயும் 2011லயும் சொன்னாங்க, இந்த இடம் ஆபத்து, எழும்புங்கன்னு. 2014 ஒக்டோபர் 29 காலையில மலை இறங்குச்சு. ஸ்கூலுக்குப் போன பிள்ளைகள் பொழைச்சுச்சு, வீட்டுல இருந்த தாய்தகப்பன் மண்ணுக்குள்ள. எண் இல்லாமயா செத்தாங்க? போறதுக்கு எடம் இல்லாம செத்தாங்க. காணி இல்லாதவனுக்கு மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை எல்லாம் ஒரே நிறம்தான்.

இன்னொண்ணும் சொல்றேன். முந்தி வருசத்துக்கு ரெண்டு தடவை கான் (வடிகால்) துப்பரவு செய்வோம். மலைக்குக் குறுக்கால போற பக்கக்கான்ல மண் அள்ளி மேட்டுப் பக்கம் போடுவோம், தண்ணி நிண்டு நிதானமா வாய்க்காலுக்கு இறங்கும். இப்ப ஆள் குறைவு, கான் எல்லாம் மூடிப் போச்சு. தண்ணிக்கு போக வழி இல்லாட்டி அது மண்ணுக்குள்ளதான் போகும். மண் ஊறி ஊறி பாரம் ஏறும். இதை அளக்க மழைமானி தேவையில்ல, மம்பட்டி போதும்.

மழைக்கணக்கு | இரவு 10.48

@கான்வெட்டி அண்ணே, நீங்க சொல்றதுல ஒரு சொல்லையும் நான் மறுக்கல. ஆனா திங்கக்கிழமை ராத்திரி மூணாம் லயத்து ஆக்களுக்கு போக எடம் இருந்துச்சு. ஸ்கூல் மண்டபம். சாவி என்கிட்டதான். அவங்க வராம இருந்தது அந்த 34ஆலதான்.

கான் விசயம் தனியாப் பேசணும். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய் எந்தெந்தக் கான் மூடியிருக்குன்னு படம் கீறலாம்னு யோசிக்கிறேன். நீங்க கொஞ்சம் சொல்லித் தருவீங்களா?

கான்வெட்டி | இரவு 10.55

அதுக்கென்ன, கேளுங்க டீச்சர்.

கன்னொருவைக் காத்து | புதன், காலை 6.10

நான் யாழ்ப்பாணம், படிக்கிறது பேராதனையில. இரவு இந்த இழையை வாசிச்சிட்டு நித்திரை வரேல்ல. டீச்சர் தந்த எண்களை ஒருக்கா வகுத்துப் பாருங்கோ.

41ஐ 16ஆல வகுத்தா 2.56. 28ஐ 11ஆல வகுத்தா 2.55. 63க்கு 2.57. 87க்கு 2.56. சின்ன மழை 9க்கும் 2.57.

இடி மழை இடத்துக்கிடம் மாறுறது உண்மைதான். ஆனா அப்பிடி மாறுறதெண்டா ஒருநாள் ஸ்கூல்ல கூட, இன்னொருநாள் ஸ்டோரில கூட வரவேணும். ஐஞ்சு மழையிலயும் ஒரே பங்கு வருமே? முகிலுக்கு வாய்ப்பாடு தெரியாது. மரம் மறைச்சா காத்தடிக்கிற திசையைப் பொறுத்து மாறும். ஆவியாப் போறதெண்டா சின்ன மழையில பங்கு கூடும், பெரிய மழையில குறையும். இங்க ஒண்டும் மாறேல்ல. இது வானத்தில வந்த வித்தியாசம் இல்லை, கருவியில வந்த பிழை. எந்தக் கருவி எண்டுதான் தெரியவேணும்.

செய்மதிக் கண் | காலை 7.02

அட. நான் வகுத்துப் பாக்கவே இல்ல. ஒத்துக்கிறேன்.

ஆனா போத்தல் பிழையா இருக்கவும் வாய்ப்பிருக்கு டீச்சர். போத்தலோட வாய் அகலமா, உடம்பு ஒடுக்கமா இருந்தா தண்ணி கூடுதலா ஏறும்.

மழைக்கணக்கு | காலை 7.15

உடம்பும் புனலும் ஒரே அகலம்தான், ஒரே போத்தல்ல வெட்டினது. இருந்தாலும் அளந்து பாக்குறேன். இப்ப பெல் அடிக்கப் போகுது.

பழைய கிளாக்கர் | பிற்பகல் 1.40

பேரப்பிள்ளை இதைக் காட்டினான். எனக்கு எழுத்து மெதுவாத்தான் வரும், பொறுத்துக்கொள்ளவும். டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கம் நாலு தோட்டத்தில் 31 வருசம் கிளாக்கர் வேலை பார்த்தவன். அதில் பெரும்பாலான காலம் மழைப்புத்தகம் என் கையெழுத்தில்தான் இருக்கும்.

மகள், அந்தக் கிளாஸைப் பாருங்க. மானியைப் பாக்கிறதுக்கு முதல் கிளாஸைப் பாருங்க.

தோட்டத்து மழைமானியில் ரெண்டு வகை உண்டு. ஒன்று வாய் 5 இஞ்சி, மற்றது 8 இஞ்சி. உள்ளே விழுந்த தண்ணியை நேரே அடிமட்டம் வைத்துப் பார்ப்பது இல்லை. ஒரு கண்ணாடி அளவு கிளாஸில் ஊற்றித்தான் வாசிப்போம். 5 இஞ்சிக்கு ஒரு கிளாஸ், 8 இஞ்சிக்கு வேறு கிளாஸ். மாற்றிப் போட்டால் கணக்கே போச்சு. வாய் பெரிதானால் அதே மழைக்கு விழுகிற தண்ணி கூட, அதனால் 8 இஞ்சிக்குரிய கிளாஸ் தடித்தது. 5 இஞ்சிக்குரியது கைக்குள்ளே அடங்கும்.

நீங்களே பெருக்கிப் பாருங்க. 8ஐ 8ஆல் பெருக்கினால் 64. 5ஐ 5ஆல் பெருக்கினால் 25. 64ஐ 25ஆல் வகுத்தால் 2.56. அந்த யாழ்ப்பாணத்துத் தம்பி கண்டுபிடித்த எண்.

கண்ணாடிக் கிளாஸ் உடையாத தோட்டம் கிடையாது. மழைக்காலத்தில் விடிய எழும்பி, கை விறைத்துப்போய், தகரத்தைக் கழற்றி ஊற்றுகிறவன் எத்தனை நாளைக்குத்தான் பத்திரமாப் பிடிப்பான்? ஒருமுறை என் கையாலேயே உடைந்தது. உடைந்தால் கொழும்பில் இருந்து வரும் வரைக்கும் ஸ்டோரில் கிடக்கிற எதையாவது எடுப்பார்கள். வந்தது பொருத்தமானதா என்று யார் பார்க்கிறார்? கோடு இருக்கு, எண் இருக்கு, போதும்.

இன்னொன்றும் கேளுங்கள். பெரிய மழைக்கு 5 இஞ்சி மானியில் சரியான கிளாஸால் எட்டு, ஒன்பது தடவை ஊற்றி எண்ண வேண்டும். தடித்த கிளாஸ் என்றால் மூன்றரைத் தடவையில் முடிந்துவிடும். ஊற்றுகிறவனுக்கு அது சந்தோசம்தான். முறையிட மாட்டான்.

எங்கள் காலத்தில் எல்லாம் இஞ்சியில்தான். இப்போது சொல்கிற 75, 100, 150 எல்லாம் கிட்டத்தட்ட 3, 4, 6 இஞ்சி. பழைய துரைமார்க்கும் 3 இஞ்சிக்கு மேல் என்றால் ரோட்டு, மதகு எல்லாம் பார்த்து வர ஆள் அனுப்புகிற வழக்கம் இருந்தது. யாரும் சட்டமாகச் சொல்லித் தந்தது இல்லை.

ஹட்டன் குளிர் | பிற்பகல் 2.11

ஐயா, கும்பிடுறேன். நான் சொன்னதை வாபஸ் வாங்குறேன். போத்தலுக்கு மன்னிப்பு.

கன்னொருவைக் காத்து | பிற்பகல் 2.30

ஐயா ஒரு வரியில முடிச்சிட்டியள்! டீச்சர், உறுதிப்படுத்திறதுக்கு இப்பிடிச் செய்யுங்கோ. ஸ்டோர் மானியின்ர வாயை விளிம்புக்கு விளிம்பு, உள்பக்கமா அளவுங்கோ. 12.7 சென்டிமீற்றர் எண்டா பரப்பு 127 சதுர சென்டிமீற்றர் அளவில வரும். அதுக்கு 10 மி.மீ. மழையெண்டா 127 மில்லிலீற்றர் தண்ணி. மருந்துச் சிரிஞ்சியால 127 மில்லி எண்ணி ஊத்தி, அவையின்ர கிளாஸ் என்ன சொல்லுது எண்டு பாருங்கோ. போத்தலுக்கும் இதே சோதனையைச் செய்யவேணும். நாங்கள் செய்த சாமான் எண்டதுக்காக அதை விட்டுடக் கூடாது.

மழைக்கணக்கு | வியாழன், மாலை 5.20

செஞ்சாச்சு. கை இன்னும் நடுங்குது, அதனால நிதானமா எழுதுறேன்.

முதல்ல போத்தல். வாய் 10.8 செ.மீ. அப்படின்னா 92 மில்லி ஊத்தினா 10 மி.மீ. ஏறணும். மூணு தடவை ஊத்தினோம். ரெண்டு தடவை 10, ஒரு தடவை 10.5. ஒட்டின அடிமட்டம் கொஞ்சம் சாஞ்சிருக்குன்னு ஒரு பிள்ளை கண்டுபிடிச்சா. நிமித்தி ஒட்டியாச்சு.

பிறகு ஸ்டோர். நாலு பிள்ளைகளையும் சிரிஞ்சியையும் கூட்டிட்டுப் போனேன். டீமேக்கர் ஐயா முதல்ல சிரிச்சாரு, "என்ன டீச்சர், ஊசி போட வந்தீங்களா?" வாய் அளந்தோம், 12.7. அப்புறம் அவரே கிளாஸைக் கொண்டு வந்தாரு. பாத்த உடனே எனக்கு கிளாக்கர் ஐயா எழுதினது ஞாபகம் வந்துச்சு. கைக்குள்ள அடங்கல. பூச்சாடி மாதிரி தடிப்பு. 127 மில்லி ஊத்தினோம். 10 காட்டணும். காட்டினது 3.9.

ஒரு பிள்ளை சத்தமா வாசிச்சிச்சு, "மூணு தசம் ஒன்பது". யாரும் பேசல. ஐயா கிளாஸைத் திருப்பி அடியில பாத்தாரு. தேஞ்சு போன எழுத்துல 8ன்னு இருந்துச்சு. பழைய கிளாஸ் உடைஞ்சப்போ வாங்கின சாமான், அப்ப அவர் இந்தத் தோட்டத்துலயே இல்ல. முகம் ஒரு மாதிரி ஆகிப் போச்சு அவருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு, "திங்கக்கிழமை நான்தான் அவங்களை போய் படுக்கச் சொன்னேன்"னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. டீ குடுத்தாரு, குடிச்சிட்டு வந்தோம்.

சரியான கிளாஸ் வர்ற வரைக்கும், வாசிக்கிறதை 2.56ஆல பெருக்கி எழுதுறதுன்னு கிளாஸ் மேலேயே பிளாஸ்டர் ஒட்டியிருக்காரு.

நோர்வூட் பாலம் | மாலை 5.58

டீச்சர், அருமை. ஒரு ஆறுதலுக்குச் சொல்றேன். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுறது அவங்களோட தானியங்கி மழைமானிகளை வச்சுத்தான், ஸ்டோர் புத்தகத்தை நம்பியில்ல. ஆனா உங்களுக்குக் கிட்ட இருக்கிற தானியங்கி மானி அடுத்த பள்ளத்தாக்குல நின்னா, இந்த ஏப்ரல் மழையில அதுக்கு 20ம் உங்களுக்கு 87ம் வரலாம். அதனால உள்ளூர் மானி வேணும். பிரதேச செயலகத்துக்கு எழுதிக் குடுங்க, எங்ககிட்ட தினசரி வாசிப்பு இருக்குன்னு.

இடத்தையும் பாருங்க. மரமோ கூரையோ இருந்தா அதோட உயரத்துல ரெண்டு மடங்காவது தள்ளி இருக்கணும். முகட்டு நுனியில வைக்கவே கூடாது, காத்து தண்ணியைத் தூக்கிட்டுப் போயிடும்.

பசறைப் பொண்ணு | இரவு 7.44

அக்கா, நான் இடையில பேசுறேன். பீலித் தண்ணி டீ நிறத்துல வந்துச்சுன்னு முதல் பதிவுலயே எழுதியிருந்தீங்க. எல்லாரும் கிளாஸ் பின்னாடியே போயிட்டீங்க. எனக்கு அதுதான் பயமா இருக்கு. மழை விட்டும் கலங்கலா வந்துச்சா?

மழைக்கணக்கு | இரவு 8.03

செவ்வாய் முழுக்க கலங்கல். புதன் பின்னேரம் தெளிஞ்சிருச்சு.

பசறைப் பொண்ணு | இரவு 8.20

அப்ப பீலியையும் அளங்க அக்கா. எங்க அப்பா பண்றது இது, காசே செலவில்ல. 10 லீற்றர் வாளியை பீலிக்குக் கீழ வச்சு போன்ல செக்கன் எண்ணுவாரு. வெயில் காலம் மார்ச்ல எங்க பீலிக்கு 48 செக்கன். சாதாரணமா 22. பெரிய மழைக்கு மறுநாள் மாறாது, ரெண்டு மூணு நாள் பிந்தித்தான் வேகம் ஏறும், தண்ணி மண்ணுக்குள்ள நடந்து வரணும்ல. அந்த வழக்கம் தெரிஞ்சா, வழக்கத்துக்கு மாறா நடக்கிறது தெரியும். திடீர்னு ஊத்து நின்னு போறது, இல்லாத எடத்துல புதுசா கசியறது, மழையில்லாம கலங்கிறது, இதெல்லாம் மலை உள்ளுக்குள்ள நகருதுன்னு சொல்ற அடையாளம்.

2014 டிசம்பர்ல உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள்ள தண்ணி பாய்ஞ்சு பண்டாரவளைப் பக்கம் கிணறெல்லாம் வத்தி, வீடெல்லாம் வெடிப்பு விட்டது ஞாபகம் இருக்கும். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா கொப்பி போட்டாரு. "நம்ம தண்ணி எவ்வளவுன்னு நம்மகிட்ட ஒரு எழுத்து இருக்கணும் புள்ள"ம்பாரு.

செய்மதிக் கண் | இரவு 8.41

இந்த வாளிக் கணக்கை எந்தச் செய்மதியும் எடுக்காது, ஒத்துக்கிறேன் :)

நிலம் நகருறதை ராடார் செய்மதியால பாக்கலாம்னு சொல்லத்தான் வந்தேன். 12 நாளைக்கொருக்கா அதே எடத்தைப் படம் எடுத்து, ரெண்டு படத்துக்கும் நடுவுல தரை எத்தனை மில்லிமீற்றர் நகர்ந்திருக்குன்னு கணக்குப் போடுறாங்க. கட்டடம், பாறை இருக்கிற எடத்துல நல்லா வரும். மரம் செடி அடர்ந்த எடத்துல இலை அசையிறதே குழப்பிடும். அப்படிப் பாத்தா தேயிலை மலை அதுக்கு வாட்டமான எடம் இல்ல. லயத்துக் கூரைகள்தான் கொஞ்சம் உதவும். 12 நாள் இடைவெளியில ஒரு ராத்திரி மழையைப் பிடிக்கவும் முடியாது.

கான்வெட்டி | இரவு 9.15

மூணாம் லயத்துக்கு மேல போய்ப் பாத்தீங்களா யாராவது? பீலி கலங்கினா மேல வெடிப்பு இருக்கான்னுதான் முதல்ல பாக்கணும். மரம் சாஞ்சிருக்கா, போஸ்ட் சாஞ்சிருக்கா, வீட்டுக் கதவு இறுகிப் போச்சான்னு பாருங்க. தனியாப் போகாதீங்க. மழை நேரத்துல போகவே வேணாம்.

மழைக்கணக்கு | வெள்ளி, மாலை 4.35

மூணாம் லயத்து அண்ணன்மார் ரெண்டு பேரோட போனேன். வெடிப்பு இருக்கு. லயத்துக்கு மேல தேயிலைக்குள்ள, பிறை மாதிரி வளைஞ்சு, ஒரு பதினஞ்சடி நீளம். அகலம் என் ரெண்டு விரல். அவங்களுக்கு முன்னயே தெரிஞ்சிருக்கு. "அது நவம்பர்ல வந்தது டீச்சர், அப்படியேதான் இருக்கு"ங்கிறாங்க. அப்படியேதான் இருக்குன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். பதில் இல்ல.

கிராம சேவகருக்கு இப்பவே சொல்லிட்டேன், படமும் அனுப்பியாச்சு.

கன்னொருவைக் காத்து | மாலை 5.01

நல்ல வேலை டீச்சர். அவை வந்து பாக்கிறவரைக்கும் ஒண்டு செய்யலாம். வெடிப்புக்கு மேட்டுப்பக்கம் ஒரு ஆப்பு, பள்ளப்பக்கம் ஒரு ஆப்பு, ரெண்டையும் ரெண்டடி ஆழத்துக்கு அடியுங்கோ. தலையில ஒவ்வொரு ஆணி. ஆணிக்கும் ஆணிக்கும் இடையில உள்ள தூரத்தை ஒரே நாடாவால, ஒரே ஆள், நாளுக்கொருக்கா அளக்கவேணும். பெரிய சரிவுகளில பூட்டிற நீட்சிமானியும் இதே வேலையைத்தான் செய்யுது, கம்பியும் பேனையும் வைச்சு. எவ்வளவு தூரம் எண்டதை விட, ஒரு நாளைக்கு எவ்வளவு கூடுது எண்டதுதான் முக்கியம். கூடுற வேகம் நாளுக்கு நாள் ஏறினா ஒண்டும் யோசிக்காமல் எழும்பவேணும்.

வெடிப்பை களிமண்ணால மூடி மேல பொலித்தீன் விரியுங்கோ. மழைத்தண்ணி நேரே உள்ளுக்க இறங்க விடாதேங்கோ.

கான்வெட்டி | மாலை 5.20

அதோட வெடிப்புக்கு மேல உள்ள பக்கக்கானை முதல்ல தோண்டி, தண்ணியைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பி விடுங்க. ஞாயித்துக்கிழமை நான் வாறேன் டீச்சர். பண்டாரவளையில இருந்து ஒரு பஸ்தான். மம்பட்டி அங்க இருக்கும்தானே?

மட்டுறுத்துநர் | மாலை 5.32

உறுப்பினர்களுக்கு: மண் அசைவு, சத்தம், திடீர் நீர்க்கசிவு கண்டால் இங்கே பதிவு போட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே விலகிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கவும்.

பழைய கிளாக்கர் | சனி, காலை 10.15

மகளுக்கு ஒரு சொல். அந்த டீமேக்கர் பழைய புத்தகத்தில் பிழையான எண்ணை அழித்துத் திருத்த நினைப்பார். விட வேண்டாம். மழைப்புத்தகத்தில் அழிப்பு கூடாது. பழைய எண் அப்படியே இருக்க, பக்கத்தில் சிவப்பு மையால் திருத்திய எண்ணை எழுதி, தேதியும் கையெழுத்தும் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் எந்தத் தேதியில் இருந்து திருத்துவது? கிளாஸ் மாறிய நாள் தெரிய வேண்டுமே.

கன்னொருவைக் காத்து | காலை 10.40

அதுக்கு வழி இருக்கு ஐயா. பக்கத்துத் தோட்டத்து மழைப்புத்தகம் கிடைச்சா போதும். ரெண்டு தோட்டத்தின்ர மாத மழையையும் கூட்டிக் கூட்டிக்கொண்டு போகவேணும். ஒரு தோட்டத்தின்ர கூட்டுத்தொகையை கிடையாகவும் மற்றதின்ரயை நிலைக்குத்தாகவும் வரைபில குறிச்சா, ரெண்டு கருவியும் ஒழுங்கா இருந்த காலம் முழுக்க ஒரு நேர்கோடு வரும். ஒண்டு கெட்ட மாதத்தில கோடு முறியும். இரட்டைத் திணிவு வளையி எண்டு இதைத்தான் சொல்லுறவை. மழை கூடின வருசமோ குறைஞ்ச வருசமோ, அதால கோடு முறியாது, ரெண்டிலயும்தானே கூடிக் குறையும்.

மழைக்கணக்கு | திங்கள், இரவு 9.10

மூணு விசயம்.

ஒண்ணு, ஞாயித்துக்கிழமை கான்வெட்டி அண்ணே வந்தாரு. மூணாம் லயத்து ஆக்கள் பதினோரு பேர், ரெண்டு கான், பின்னேரம் நாலு மணி வரைக்கும். மூடியிருந்த கானுக்குள்ள இருந்து என்னென்ன வந்துச்சுன்னா, யோகட் கப், செருப்பு, ஒரு முழு மெத்தை. டீமேக்கர் ஐயா பாணும் சம்பலும் குடுத்து அனுப்பியிருந்தாரு. கணக்குப் புத்தகத்துல அது எந்தத் தலைப்புல போகும்னு அவருக்கே தெரியாதாம்.

ரெண்டு, பக்கத்துத் தோட்டத்துப் புத்தகம் கிடைச்சிச்சு. பிள்ளைகள் வரைபுத்தாள் மூணை ஒட்டி மேசை நீளத்துக்கு கீறினாங்க. நேரா ஏறிக்கிட்டே போன கோடு 2021 ஜூன்ல படுத்திருச்சு. அவ்வளவு தெளிவா முறியும்னு நானே எதிர்பாக்கல. அந்த மாசத்துப் பக்கத்தை ஸ்டோர்ல புரட்டினா ஓரத்துல பென்சில்ல ரெண்டு சொல்: "கிளாஸ் உடைவு".

அப்படின்னா தித்வா நாளுக்கு ஸ்டோர்ல எழுதியிருக்கிறதும் பிழை. அதை இன்னும் பெருக்கிப் பாக்கல நான். ஐயாவும் பாக்கல. சிவப்புப் பேனை மேசையில இருக்கு.

மூணு, ஆப்பு அடிச்சாச்சு. ஞாயிறு மாலை ஆணிக்கு ஆணி 43.0 செ.மீ. இன்னைக்குப் பின்னேரம் 43.0. மழை: ஸ்கூல் 12.5, ஸ்டோர் 12.

பசறைப் பொண்ணு | இரவு 9.14

பீலி?

மழைக்கணக்கு | இரவு 9.16

31 செக்கன். தெளிவு.